சப்வூபர் டிரைவர் வாங்கும்போது எக்ஸ்மக்ஸ் எண்ணை எப்படி வாசிப்பது?

கேள்வி: நானும் என் மைத்துனரும் கொட்டாஞ்சேனையில் சிறிய சவுண்ட் சேர்விஸ் ஒன்றை நடத்துகிறோம். கல்யாண மண்டபங்கள், கோவில் திருவிழாக்கள், பாடசாலை நிகழ்ச்சிகள் என்று வேலை வரும். எங்களிடம் போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த இரண்டு 18 அங்குல சப்வூபர் பெட்டிகள் இருக்கின்றன. இரண்டின் டிரைவர்களும் (பெட்டிக்குள் பூட்டும், கூம்பும் காந்தமும் கொண்ட ஸ்பீக்கர்) சென்ற ஆடிவேல் விழாவுடன் பழுதாகிவிட்டன. கழற்றிப் பார்த்தபோது கொயில் கருகியிருக்கவில்லை. அதன் அடிவிளிம்பு மட்டும் நசுங்கியிருந்தது. டிரைவர் 1000 வாட்ஸ், எங்கள் அம்பிளிபயர் 800 வாட்ஸ் என்பதால் இது ஏன் நடந்தது என்று புரியவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரித்தபோது மூன்று டிரைவர்களைக் காட்டினார்கள். முதலாவது 18 அங்குலம், எக்ஸ்மக்ஸ் 8.5 மில்லிமீற்றர். இரண்டாவதும் 18 அங்குலம், ஆனால் எக்ஸ்மக்ஸ் 7 மில்லிமீற்றர். மூன்றாவது வாகனங்களில் பூட்டும் 12 அங்குலம். அதில் 30 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறது. எண் கூடியதை வாங்கினால் பேஸ் கூடும் என்கிறார் கடைக்காரர். புதிதாகப் பெட்டி அடித்தாவது மூன்றாவதை வாங்கலாமா? தரவுத்தாள்களை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்பின் வாசகருக்கு,

இரண்டாவது டிரைவரையே வாங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. எக்ஸ்மக்ஸ் என்பது ஸ்பீக்கரின் கூம்பு ஒலி திரிபடையாமல் ஒரு பக்கத்துக்கு நகரக்கூடிய தூரம்; மூன்றிலும் மிகச் சிறிய எண் இரண்டாவதில்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆனாலும் மூன்றையும் ஒரே முறையில் கணக்கிட்டுப் பார்த்தால் அதிகக் காற்றைத் தள்ளக்கூடியது அதுவே. எண்கள் ஏன் இப்படித் தலைகீழாகத் தெரிகின்றன என்பதை விளங்கிக்கொண்டால், அடுத்த முறை எந்தக் கடையில் எந்தத் தரவுத்தாளை நீட்டினாலும் நீங்களே முடிவெடுக்கலாம். அத்துடன், பழைய டிரைவர்களின் கொயில் விளிம்பு நசுங்கியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது டிரைவர் தெரிவை விடவும் முக்கியமான விடயம். அதைச் சரிசெய்யாமல் எந்த டிரைவரைப் போட்டாலும் அடுத்த திருவிழாவில் அதற்கும் இதே கதிதான் நேரும்.

ஸ்பீக்கரின் கூம்பை அசைப்பது வொய்ஸ் கொயில். காந்தத்தின் மேல்தட்டுக்கும் நடுத்தண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வட்ட இடைவெளியில் அது நிற்கிறது. காந்தப்புலம் செறிந்திருப்பது ஏறத்தாழ அந்த மேல்தட்டின் தடிப்பளவுக்கு மட்டுமே. அம்பிளிபயரிலிருந்து வரும் மின்னோட்டம் கொயிலை முன்னும் பின்னும் தள்ளும்போது, புலத்துக்குள் எப்போதும் ஒரே அளவு கம்பி இருந்தால் தள்ளும் விசை மாறாமல் இருக்கும். இதற்காகவே பெரும்பாலான சப்வூபர் டிரைவர்களில் கொயிலின் உயரத்தை மேல்தட்டின் தடிப்பை விடக் கூட்டிச் செய்கிறார்கள்; கொயில் ஒரு பக்கம் நகரும்போது மறுபக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த பகுதி உள்ளே வந்து இடத்தை நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்புவதற்கு ஒரு பக்கத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதுதான் எக்ஸ்மக்ஸ் என்பதன் எளிய வரையறை. கொயிலின் உயரத்திலிருந்து இடைவெளியின் உயரத்தைக் கழித்து, வருவதை இரண்டால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

இனி உங்கள் முதலாவது தரவுத்தாளைப் பாருங்கள். கொயில் உயரம் 22 மில்லிமீற்றர், இடைவெளி உயரம் 10 மில்லிமீற்றர். நான் சொன்ன கணக்கின்படி 6 மில்லிமீற்றர்தான் வருகிறது, அச்சிட்டிருப்பதோ 8.5. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்திலுள்ள குறிப்பு காரணத்தைச் சொல்கிறது: இடைவெளி உயரத்தின் காற்பங்கையும், அதாவது 2.5 மில்லிமீற்றரையும், அவர்கள் கூட்டியிருக்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மேல்தட்டின் விளிம்போடு காந்தப்புலம் அறுந்துபோவதில்லை. சற்று வெளியேயும் பரவியிருக்கும். அதனால் கொயில் தன் எல்லையைக் கொஞ்சம் தாண்டினாலும் விசை உடனே விழுந்துவிடாது. இத்தாலியின் பி அண்ட் சி, எயிட்டீன் சவுண்ட் ஆகிய நிறுவனங்கள் இப்படிக் காற்பங்கைக் கூட்டும் வழக்கத்தைத் தம் தரவுத்தாள்களில் வெளிப்படையாகவே எழுதுகின்றன. ஸ்பெயினின் பெய்மா நிறுவனம் இடைவெளி உயரத்தை 3.5 ஆல் வகுத்துக் கூட்டுகிறது. மூன்றிலொரு பங்கைக் கூட்டுபவர்களும் உண்டு. அமெரிக்காவின் எமினன்ஸ் எதையும் கூட்டாமல் வெறும் கழித்தலோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே உங்கள் முதலாவது டிரைவரையே, ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், 6 என்றோ 8.5 என்றோ 8.9 என்றோ 9.3 என்றோ விற்க முடியும். 6க்கும் 9.3க்கும் இடையே கடதாசியில் ஏறத்தாழ 4 டெசிபெல் வித்தியாசம் வருகிறது. காதில் எந்த வித்தியாசமும் வராது.

இரண்டாவது டிரைவரின் கொயில் உயரம் 24, இடைவெளி 10. கழித்துப் பாதியாக்கினால் 7. அவர்கள் அச்சிட்டிருப்பதும் 7. அதாவது இந்த நிறுவனம் எதையும் கூட்டவில்லை. முதலாவதன் முறையில் கணக்கிட்டால் இதன் எண் 9.5 ஆகிவிடும். கடையில் பின்தங்கியதுபோலக் காட்டப்பட்ட டிரைவர் உண்மையில் ஒரு படி முன்னால்தான் நிற்கிறது.

மூன்றாவதில் சிக்கல் வேறு. 30 மில்லிமீற்றர் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, அது நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கா அல்லது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்குமா என்பதை எங்கும் எழுதவில்லை. ஆனால் கொயில் 40, இடைவெளி 10 என்று அட்டவணையில் இருக்கிறது; அதிலிருந்து ஒரு பக்கத்துக்கு 15 வருகிறது. எனவே 30 என்பது முனைக்கு முனை எடுத்த அளவு. தொழில்முறை டிரைவர்களில் எக்ஸ்மக்ஸ் வழக்கமாக ஒரு பக்க அளவாகவே சொல்லப்படும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் 6 டெசிபெல் பிழை தானாகவே நுழைந்துவிடுகிறது. அடைப்புக்குள் கூட்டல் கழித்தல் குறி இருந்தால் அது ஒரு பக்க அளவு. குறி எதுவும் இல்லாத பெரிய எண்ணைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்தக் கணக்குகள் எல்லாம் உலோகத்தை அளந்து பெறுபவை. டிரைவர் தரும் ஒலி உண்மையில் எந்த இடத்தில் திரிபடையத் தொடங்குகிறது என்பதை அளப்பவை அல்ல. அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்கம் 1984 இல் வெளியிட்ட ஏ.இ.எஸ். 2 என்ற தராதரம், இயக்கத்தின் நேர்த்தன்மை 10 சதவீதம் விலகும் நகர்வே எக்ஸ்மக்ஸ் என்றது. பின்னர் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த வொல்ஃப்காங் கிளிப்பல், லேசர் கொண்டு கூம்பின் நகர்வை அளந்து, ஒவ்வொரு மில்லிமீற்றரிலும் தள்ளும் விசை எவ்வளவு குறைகிறது, கூம்பின் வெளிவிளிம்பைத் தாங்கும் சரவுண்டும் கொயிலை நடுவில் பிடித்துவைக்கும் ஸ்பைடரும் எவ்வளவு இறுகுகின்றன என்று தனித்தனியே வரைபடம் தரும் முறையை வளர்த்தெடுத்தார். அந்த முறையில் விசைக் காரணி 82 சதவீதத்துக்குக் குறையும் இடமோ, சரவுண்டும் ஸ்பைடரும் சேர்ந்த தொங்கலின் நெகிழ்வு 75 சதவீதத்துக்குக் குறையும் இடமோ, எது முந்துகிறதோ அது 10 சதவீதத் திரிபுக்கான எல்லை. சப்வூபர்களுக்குச் சற்றுத் தளர்த்தி, 70 சதவீதமும் 50 சதவீதமும் எடுத்துக்கொண்டு, 20 சதவீதத் திரிபு வரை அனுமதிப்பது வழக்கம். இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். கொயில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஸ்பைடர் 10 மில்லிமீற்றரில் விறைத்துவிட்டால் அந்த நீளத்தால் பயன் இல்லை. கொயில் உயரத்தை மட்டும் கூட்டிவிட்டு மலிவான ஸ்பைடரைப் போட்ட டிரைவர்கள் சந்தையில் நிறையவே இருக்கின்றன. தரவுத்தாளோடு இந்த வரைபடங்களும் கிடைக்கும் டிரைவர் என்றால், அதற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்க மாட்டேன்.

இப்போது அளவுகோல் ஒன்றாகிவிட்டது: ஒரு பக்கத்துக்கு, எதையும் கூட்டாமல், 6, 7, 15. இதைப் பார்த்ததும் 15 தானே பெரிது என்று தோன்றும். ஆனால் கூம்பு நகரும் தூரத்தை மட்டும் பார்த்து டிரைவரைத் தெரிவது, காணியின் நீளத்தை மட்டும் கேட்டு அகலத்தைக் கேட்காமல் விலை பேசுவது போன்றது. காற்றைத் தள்ளுவது கூம்பின் பரப்பும் நகர்வும் சேர்ந்துதான். 18 அங்குலக் கூம்பின் செயற்படும் பரப்பு ஏறத்தாழ 1200 சதுர சென்ரிமீற்றர். 12 அங்குலத்தினது ஏறத்தாழ 500. பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 720 கன சென்ரிமீற்றர், இரண்டாவது 840, மூன்றாவது 750. முப்பதும் ஏழும் என்று எதிரெதிரே நின்ற எண்கள் இப்போது ஒன்றுக்கொன்று அருகில் வந்துவிட்டன, வரிசையும் மாறிவிட்டது.

இந்தக் கன அளவிலிருந்து ஒலி மட்டத்தை நேரடியாகவே கணக்கிடலாம். பெட்டியைத் தரையில் வைத்து, போர்ட்டின் உதவியை விட்டுவிட்டுப் பார்த்தால், 840 கன சென்ரிமீற்றரைத் தள்ளும் டிரைவர் 40 ஹேர்ட்ஸில் ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 111 டெசிபெல் தரும். 60 ஹேர்ட்ஸில் அதே நகர்வுக்கு 118 கிடைக்கும். 30 ஹேர்ட்ஸில் 106 தான் கிடைக்கும். அதிர்வெண் பாதியாகும்போது அதே மட்டத்தைத் தக்கவைக்கக் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும் என்ற இயற்பியல் விதியின் விளைவு இது. ஆகவே எவ்வளவு எக்ஸ்மக்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழமையான நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். டிரம்ஸ் தொகுதியின் கிக் டிரம்மின் அடி பெரும்பாலும் 50 இலிருந்து 60 ஹேர்ட்ஸைச் சுற்றியே விழுகிறது. தவிலின் தொப்பிப் பக்கம் எவ்வளவு கனமாக ஒலித்தாலும் 30 ஹேர்ட்ஸுக்கு இறங்குவதில்லை. கணினியில் செய்த சினிமாப் பாடல்களின் பேஸ் மட்டும் சில சமயம் 30ஐத் தொடும். கோவில் வீதியிலும் கல்யாண மண்டபத்திலும் வேலை செய்யும் உங்களுக்கு 40 ஹேர்ட்ஸ் வரை உறுதியாக வந்தால் போதும். அதற்குக் கீழே எட்டிப் பிடிக்கப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது டிரைவரின் 750 கன சென்ரிமீற்றர் முதலாவதன் 720ஐ விடக் கூட இருக்கிறதே, அப்படியானால் அதையேன் தள்ளி வைக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அது மோசமான டிரைவர் அல்ல. மூடிய வாகனத்தின் சிறிய அறையில் தாழ்ந்த அதிர்வெண்கள் தாமாகவே உயர்ந்து ஒலிக்கும் என்பதை நம்பி, சிறிய பெட்டிக்குள் அடங்கும்படி, கனமான கூம்போடு அதைச் செய்திருக்கிறார்கள். அதன் உணர்திறன் (கொடுக்கும் மின்வலுவுக்கு எவ்வளவு ஒலி தருகிறது என்ற அளவு) 86 டெசிபெல் என்றும், இரண்டாவதன் உணர்திறன் 96 டெசிபெல் என்றும் தரவுத்தாள்கள் சொல்கின்றன. இந்த 10 டெசிபெல் இடைவெளியின் பொருள், கேட்கும் மட்டத்தில் ஒரே ஒலியைப் பெற மூன்றாவதற்குப் பத்து மடங்கு மின்வலு வேண்டும் என்பதே. இரண்டாவது டிரைவர் 80 வாட்ஸில் தரும் ஒலியை மூன்றாவதிலிருந்து பெற உங்கள் அம்பிளிபயரின் 800 வாட்ஸும் வேண்டியிருக்கும்.  வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீட்டொன்றின் சிறிய அறைக்குப் படம் பார்க்கும் சப்வூபர் கேட்டிருந்தால் நான் மூன்றாவதைப் பற்றி வேறு விதமாக எழுதியிருப்பேன்.

இனிப் பழைய டிரைவர்களின் விடயம். கொயில் கருகாமல் அடிவிளிம்பு நசுங்கியிருந்தால் அதற்கு ஒரே காரணம்தான்: கொயில் பின்னோக்கிப் பாய்ந்து காந்தத்தின் பின்தட்டில் மோதியிருக்கிறது. 1000 வாட்ஸ் என்பது கொயில் தாங்கும் வெப்பத்தின் அளவே தவிர, கூம்பு தாங்கும் நகர்வின் அளவு அல்ல. எக்ஸ்மக்ஸைத் தாண்டியவுடன் டிரைவர் உடைந்துவிடாது. திரிபு மட்டும் கூடும். அதற்கு அப்பால் இன்னோர் எல்லை இருக்கிறது. எமினன்ஸ் அதை எக்ஸ்லிம் என்று தனியாக அச்சிடுகிறது. ஸ்பைடர் மேல்தட்டில் மோதுவது, கொயில் பின்தட்டில் மோதுவது, கொயில் இடைவெளியை விட்டு மேலே வெளியேறிவிடுவது, கூம்பு அதற்கு மேல் அசைய முடியாமல் போவது ஆகிய நான்கில் எது முதலில் நடக்குமோ அதுவே அந்த எண். சில ஐரோப்பிய நிறுவனங்கள் இந்தச் சேத எல்லையை முனைக்கு முனை அளவாக அச்சிடுவதால், அங்கே மட்டும் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். விழாவின்போது டக் டக் என்று உலோகம் தட்டும் சத்தம் பெட்டியிலிருந்து வந்திருக்கும். கூட்டத்தின் இரைச்சலில் அது உங்கள் காதுக்கு எட்டியிராது.

இப்படி நேர்வதற்குப் போர்ட் வைத்த பெட்டியின் இயல்பே வழிவிடுகிறது. போர்ட் எந்த அதிர்வெண்ணுக்கு ரியூன் செய்யப்பட்டிருக்கிறதோ அங்கே ஒலியின் பெரும்பகுதியைப் போர்ட்டே தருகிறது. கூம்பு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அதற்குச் சற்று மேலே நகர்வு கூடி, பிறகு குறைந்துகொண்டே போகும். ஆனால் ரியூனிங்குக்குக் கீழே பெட்டிக்குள்ளிருக்கும் காற்று போர்ட் வழியாகத் தாராளமாக உள்ளே வெளியே போய்வரத் தொடங்கிவிடுவதால், கூம்பைப் பிடித்து நிறுத்த ஸ்பைடரையும் சரவுண்டையும் தவிர வேறு எதுவும் இல்லை. அங்கே அம்பிளிபயரின் முழு வலு தேவையே இல்லை. அதில் ஒரு சிறு பங்கே கூம்பை எல்லை தாண்ட வைத்துவிடும். மைக் கீழே விழும் அதிர்ச்சி, மேடையில் ஆடுபவர்களின் காலடி, பாடலின் 25 ஹேர்ட்ஸ் இரைச்சல் எல்லாம் சேர்ந்து இதைத்தான் செய்கின்றன. நீங்கள் ஹை-பாஸ் வடி (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளவற்றைத் தடுக்கும் வடி) எதையும் பாவிக்கவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

டிரைவரை மாற்றினாலும் பெட்டியின் ரியூனிங் அநேகமாக மாறாது. அது பெட்டியின் கன அளவையும் போர்ட்டின் நீளத்தையும் பரப்பையும் பொறுத்தது. புதிய டிரைவரைப் பூட்டிய பிறகு, கைத்தொலைபேசியில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றைப் போட்டு, மட்டத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, 60 ஹேர்ட்ஸிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கி வாருங்கள். கூம்பின் அசைவு திடீரென்று அடங்கும் அதிர்வெண்தான் ரியூனிங். அது 40 ஹேர்ட்ஸாக இருந்தால், மிக்ஸரிலோ கிராஸ்ஓவரிலோ 35 ஹேர்ட்ஸில் ஒக்டேவுக்கு 24 டெசிபெல் சரிவுள்ள ஹை-பாஸ் வடியைப் போடுங்கள்.

பிறகு கூம்பு உண்மையில் எவ்வளவு நகர்கிறது என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். மெல்லிய பிரிஸ்டல் அட்டையில், ஒரு முனையில் 20 மில்லிமீற்றர் அகலமாகத் தொடங்கி 100 மில்லிமீற்றர் நீளத்தில் கூராக முடியும் கறுப்பு முக்கோணம் ஒன்றை வரையுங்கள். அதன் நீளப்பக்கம் கூம்பின் முகத்துக்குச் சமாந்தரமாகவும், அகலப்பக்கம் கூம்பு நகரும் திசையிலும் வரும்படி அட்டையை நடு மூடியின் மேல் செங்குத்தாக ஒட்டி, பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கூம்பு அதிரும்போது முக்கோணத்தின் விளிம்புகள் சாம்பல் நிறமாகக் கலங்கி, நடுவில் சுருங்கிய கறுப்பு முக்கோணம் ஒன்று தனியாகத் தெரியும். அந்தக் கறுப்பு முடியும் இடத்தில் வரைந்த முக்கோணத்தின் அகலம் எவ்வளவோ, அதுவே முனைக்கு முனை நகர்வு. இரண்டாவது டிரைவரின் எல்லை ஒரு பக்கத்துக்கு 7, முழுதாக 14. உங்கள் முக்கோணத்தில் 14 மில்லிமீற்றர் அகலம் வருவது கூர்முனையிலிருந்து 70 மில்லிமீற்றரில். அங்கே சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டு, 35 முதல் 80 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கறுப்பின் நுனி சிவப்புக் கோட்டைத் தொடும் இடத்தில் அம்பிளிபயரின் குமிழைக் குறித்துவைத்து, மட்டம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை அதற்கு ஏற்ப அமையுங்கள். ஒவ்வோர் ஒலியையும் சில விநாடிகளுக்கு மேல் போடாதீர்கள், கொயில் சூடாகிவிடும். காதுக்குப் பஞ்சு போதாது, முறையான காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியவை இரண்டுதான். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலிகளும் புழங்குவதால், தராசு ஒன்றைக் கொண்டுபோய் டிரைவரின் எடையைத் தரவுத்தாளோடு ஒப்பிடுங்கள். போலிகளில் காந்தம் சிறுத்திருப்பதே பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். அடுத்து, கூம்பின் இரு பக்கமும் விரல்களை விரித்து வைத்து மெதுவாக, நேராக, உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அதை எடுக்க வேண்டாம். துறைமுகத்துக்கு அருகில் கடற்காற்றுப் படும் களஞ்சியத்தில் நீண்ட காலம் கிடந்த டிரைவரின் இடைவெளிக்குள் துரு படிந்திருந்தாலும் இதே உரசல்தான் கேட்கும். கொயில் உயரமும் இடைவெளி உயரமும் அச்சிடப்படாத டிரைவரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொழிலுக்கு எடுக்காதீர்கள்.

பெட்டியின் உள் நீளம், அகலம், உயரம், போர்ட்டின் அளவுகள் ஆகியவற்றை அடுத்த கடிதத்தில் எழுதினால், இரண்டாவது டிரைவரோடு அது எப்படிப் பொருந்துகிறது என்பதையும், போர்ட்டை நீட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்பதையும் கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை டிரைவரைப் பெட்டியில் பூட்டினாலும், ஹை-பாஸ் வடி இல்லாமல் வேலைக்குக் கொண்டுபோக வேண்டாம்.